இருபது வருடத்துக்கு ஒரு வீதி

1978ஆம் ஆண்டுச் சூறாவளி கிழக்கிலங்கையின் கல்முனைக் கரையோரத் தென்னைகளை முறித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. மழை மட்டும் போகவில்லை. மார்கழி முழுக்கக் கொட்டியது.

மாவடிப்பள்ளிக்கு மேற்கே, வயல்வெளிகளுக்கு நடுவில், பட்டிமேடு என்ற சிற்றூருக்கு ஒரு வீதி போகும். வழியில் குறுக்கோடை அதை அறுக்கும். அந்த இடத்தில் பாலம் கிடையாது, தாம்போதிதான். வீதியைத் தாழ்த்திக் கொங்கிறீற் போட்டு, வெள்ளம் வந்தால் மேலால் ஓடிப்போகட்டும் என்று விட்டிருந்தார்கள். வெள்ள நாட்களில் வாகனங்களை மறிக்க, அரசாங்க வீதிக் கந்தோரில் வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர் மீராமுகைதீன் சிவப்புத் துணியோடு அங்கே வந்து நிற்பார். சாய்ந்தமருதுக்காரர், நெடிய ஆள். குரல் உயர்த்தாமலே ஆட்களை வேலை வாங்கக்கூடியவர்.

அன்று அவர் பட்டிமேட்டுப் பக்கத்துக் கரையில் நின்றார். உழவு மெசின் ஒன்று பெட்டியை இழுத்துக்கொண்டு சேற்றில் சறுக்கிச் சறுக்கி வந்தது. ஓட்டிவந்தவன் பக்கீர், அவருடைய தங்கை கமீலாவின் புருசன். பெட்டிக்குள் வைக்கோலின் மேல் கமீலா கிடந்தாள். இரண்டு பெண்கள் அவளுக்கு மேல் பாயை விரித்துப் பிடித்திருந்தார்கள்.

"மச்சான், தண்ணிக்குடம் உடைஞ்சிட்டு. புள்ள குறுக்கால கிடக்காம். ஊரில மருத்துவிச்சியும் இல்ல. என்ன செய்யிற, சொல்லுங்க!"

மீராமுகைதீன் தண்ணீரைப் பார்த்தார். முழங்கால் உயரம் இருக்கும். அந்த உயரத்தில் மெசின்கள் கடந்து போனதை அவர் கண்டிருக்கிறார். ஆசுபத்திரிக்குப் போகாமல் நின்றால் கமீலா பிழைக்கமாட்டாள் என்பது நிச்சயம். போனால் என்ன ஆகும் என்பது நிச்சயமில்லை. பெட்டிக்குள் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முனகும் சத்தம் கேட்டது. அவர் சிவப்புத் துணியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தார்.

"போ. நடுவால போ. நிப்பாட்டிப் போடாத."

மெசின் பாதித் தூரத்துக்கும் மேல் போய்விட்டது. அப்போதுதான் சூறாவளி முறித்த தென்னை ஒன்று, வேரோடும் மண்ணோடும், வெள்ளத்தில் உருண்டு வந்து பெட்டியின் பக்கவாட்டில் மோதியது. பெட்டி சரிந்தது. சரிந்த பெட்டி மெசினையும் இழுத்துக்கொண்டு தலைகீழாகக் கவிழ்ந்தது. மீராமுகைதீன் பாய்ந்தார். கையில் அகப்பட்டது பக்கீரின் தலைமயிர். அதைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, ஓடை முழுக்க வைக்கோல் மட்டும் மிதந்தது.

கமீலாவை அடுத்த நாள் கீழே ஒரு நாணற்பற்றைக்குள் கண்டெடுத்தார்கள். முகத்தில் ஒரு பக்கம் கிழிந்திருந்தது. பிள்ளை வயிற்றுக்குள்ளேயே இருந்தது. கூடப் போன பெண்களில் ஒருத்தி அகப்படவே இல்லை.

சூறாவளியில் போன வீதிகளைத் திருப்பிக் கட்டப் பிறநாடுகளிலிருந்து உதவி வந்தது. கல்முனைக் கந்தோரில் அப்போது எஞ்சினியராக இருந்தவர் ஸலாஹுதீன். மீராமுகைதீனை விட வயதில் குறைந்தவர், பேராதனையில் படித்தவர், அவசரக்காரர், ஆனால் நேர்மையானவர். பட்டிமேட்டு வீதிக்கு இரண்டு திட்டங்கள் இருந்தன. பழைய தாம்போதியைத் திருத்தி, கிறவல் மண்ணுக்கு மேல் மெல்லிசாகத் தார் போடுவது ஒன்று. வெள்ளமட்டத்துக்கு மேலே வீதியை உயர்த்தி, அடியால் தண்ணீர் போக அகலமான கொங்கிறீற் மதகு கட்டுவது மற்றது. முதற் செலவை மட்டும் பார்த்தால் தாம்போதி மிக மலிவு. ஆனால் உதவி தந்தவர்கள், கட்டும் செலவோடு சேர்த்து இருபது வருடப் பராமரிப்புச் செலவையும் கேட்டிருந்தார்கள். அந்தக் கணக்கை ஸலாஹுதீன் மீராமுகைதீனிடம் ஒப்படைத்தார்.

மீராமுகைதீன் அந்தக் கோடைச் சிறுபோகம் முழுக்க அதற்குப் பின்னாலேயே அலைந்தார். நீர்ப்பாசனக் கந்தோரில் மழை விபரம் எடுத்தார். நற்பிட்டிமுனை, மாவடிப்பள்ளி வயற்காரரிடம் எந்தெந்த வருடம் வெள்ளம் எதுவரை வந்தது என்று விசாரித்தார். ஒரே வெள்ளத்தை ஒருவர் இடுப்பளவு என்றார், இன்னொருவர் கழுத்தளவு என்றார். நெல் வெட்டுக் காலத்தில் வீதியோரம் நின்று நெல் லொறிகள் எவ்வளவு பாரம் ஏற்றிப் போகின்றன என்று பார்த்தார். சட்டம் சொல்லும் பாரத்தோடு ஒரு லொறியும் போகவில்லை. தார் விலை எண்ணெய் விலையோடு ஏறும், எவ்வளவு ஏறும் என்று யாருக்கும் தெரியாது. பராமரிப்புக்கு அரசாங்கம் வருடாவருடம் காசு தருமா என்பதும் தெரியாது. ஆகவே எல்லாவற்றையும் நல்லபடி, நடுத்தரம், கெட்டபடி என்று மூன்று விதமாக வைத்துக் கணக்குப் போட்டார்.

ஸலாஹுதீன் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார்.

"மேலிடத்தில கேட்டது ஒரு தொகை, ஓவசியர். நீங்க ஒரு கூடை கொண்டு வந்திரிக்கிறீங்க."

"மழை எனக்கிட்டச் சொல்லிப் போட்டா சேர் பெய்யிற? ஒரு தொகை எழுதினா அது பொய். ஆனா ஒண்டு பாருங்க. மழை நல்லாப் பெஞ்சாலும், கெட்டுப் பெஞ்சாலும், தார் விலை ஏறினாலும், இறங்கினாலும், கடைசியில உயர்ந்த ரோட்டுத்தான் மலிவு. எந்தப் பக்கத்தால வந்தாலும் தாம்போதி தோக்குது."

ஸலாஹுதீன் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"உங்கட தங்கச்சிட மௌத்தும் இதுக்குள்ள இரிக்கா?"

"இல்ல சேர். அதுக்கு நான் விலை போடல்ல. போட்டிருந்தா இந்தக் கணக்கே தேவைப்பட்டிரிக்காது."

உயர்ந்த வீதி கட்டப்பட்டது. மதகு, ஒரு ஆள் சற்றே குனிந்து நடந்து போகக்கூடிய உயரம். வெள்ளத்தில் மிதந்து வரும் ஆற்றுவாழைச் செடியும் மரக்கட்டைகளும் அடைக்காமல் போகவேண்டுமென்றால் அந்த அளவு வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். அதன் பிறகு வந்த மாரிகளில் ஒருநாள் கூட வீதிக்கு மேலால் தண்ணீர் ஏறவில்லை. பட்டிமேட்டுப் பெண்கள் நடுமழையில் பஸ் ஏறி ஆசுபத்திரிக்குப் போனார்கள். பக்கீர் மறுபடி கலியாணம் முடிக்கவில்லை. ஆனால் அந்த வீதியால் போகும்போதெல்லாம் மெசினை மெதுவாக்கி மதகின் சுவரை ஒருமுறை பார்த்துவிட்டுப் போவான்.

எண்பத்தாறாம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு காலை. நாட்டில் அப்போது தமிழ் இயக்கங்களுக்கும் படையினருக்கும் சண்டை நடந்துகொண்டிருந்தது. மதகிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பள்ளங்களுக்குத் தார் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வீதியை அழுத்தும் றோலரில் பத்தக்குட்டி இருந்தார். பாண்டிருப்புத் தமிழர். மீராமுகைதீனோடு வீதி வேலையில் சேர்ந்து, அவரோடேயே தலை நரைத்தவர். அவர்களுக்கிடையில் மாமன் மச்சான் பகிடி உண்டு.

"ஓவசியர், இந்த றோட்டு நம்மள ரெண்டு பேரையும் விடக் கனகாலம் இருக்கும் மறுகா," என்று பத்தக்குட்டி மேலேயிருந்து கத்தினார்.

"நீ றோலர ஒழுங்கா ஓட்டினா இரிக்கும்."

படையினரின் இரண்டு ட்ரக்குகள் வந்தன. வேலையாட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். முதலாவது ட்ரக் மதகின் மேல் ஏறியதும் வீதி எழும்பியது. சத்தம் பிறகுதான் கேட்டது. ட்ரக் பின்பக்கமாக நிமிர்ந்து, மேலே நின்று, பிளந்தது. கொங்கிறீற் துண்டுகள் வயலுக்குள் மழை மாதிரி விழுந்தன. விழுந்தது கல் மட்டுமல்ல. மீராமுகைதீனுக்கு முன்னால், சுடச்சுட ஊற்றிய தாரில், சப்பாத்தோடு ஒரு கால் வந்து விழுந்து ஒட்டிக்கொண்டது.

இரண்டாவது ட்ரக்கிலிருந்து குதித்தவர்கள் எல்லாத் திசைகளிலும் சுட்டார்கள். வேலையாட்கள் வாய்க்காலுக்குள் விழுந்தார்கள். பத்தக்குட்டி உயரத்தில் இருந்தார். றோலர் இரைச்சலில் யார் சுடுகிறார்கள், எங்கே சுடுகிறார்கள் என்று அவருக்கு விளங்கியிருக்காது. கையை உயர்த்தி எழும்பினார். நெஞ்சில் வெடி பட்டது. சுக்கானின் மேல் கவிழ்ந்தார். றோலர் நிற்கவில்லை. செத்த மனிதனைச் சுமந்துகொண்டு தார்ப் பீப்பாவை நசுக்கியது. வீதியை விட்டு இறங்கியது. கதிர் அரும்பும் குடலைப் பருவத்து நெல்லை மிதித்து வயலுக்குள் போய், சேற்றில் புதையும் வரை ஓடியது. புதைந்த பிறகும் எஞ்சின் இரைந்துகொண்டே கிடந்தது.

வாய்க்காலில் கிடந்தவர்களை இழுத்தெடுத்துக் கைகளைப் பின்னால் கட்டி ஏற்றிப் போனார்கள். படையினரின் காம்பில் ஒரு கப்டன் சிங்களத்தில் கேள்வி கேட்டார். தமிழ் தெரிந்த சிப்பாய் ஒருவன் மொழிபெயர்த்தான்.

"மதகைக் கட்டினது யாரு?"

"நான்தான்."

"ஆள் நடந்து போற உயரத்துக்கு ஏன் கட்டின?"

"வெள்ளத்துக்கு."

துப்பாக்கியின் அடிக்கட்டை வாயில் விழுந்தது. மீராமுகைதீன் இரத்தத்தோடு பற்களைத் துப்பினார்.

"வெள்ளத்துக்கா, குண்டு வைக்கிறவனுக்கா?"

"வெள்ளத்துக்கு."

மறுபடியும் அடித்தார்கள். கேள்வி மாறவில்லை, பதிலும் மாறவில்லை. பக்கத்து அறையில் வேலையாள் ஒருவனின் அலறல் கேட்டுக்கொண்டேயிருந்து, ஒரு கட்டத்தில் நின்றது. அவன் வீடு திரும்பவில்லை. சில நாட்களில் ஸலாஹுதீனும் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைப் பெரியவர்களும் போய்ப் பேசி மற்றவர்களை மீட்டார்கள். வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து மனைவி றுகையா கத்தவில்லை. வீங்கிய வாய்க்குள் கரண்டியால் கஞ்சி ஊட்டினாள். ஊட்டி முடிந்தபிறகு அடுப்படிக்குள் போய்ச் சட்டியைச் சுவரில் அடித்து உடைத்தாள்.

எழும்பி நடக்க முடிந்ததும் அவர் பாண்டிருப்புக்குப் புறப்பட்டார். அந்த நாட்களில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் கலவரம், ஊருக்கு ஊர் டயர் எரிந்தது. தமிழர் பக்கம் முஸ்லிம் போகமுடியாது, முஸ்லிம் பக்கம் தமிழர் வரமுடியாது.

"போகாதீங்க," என்றாள் றுகையா. "வெட்டிப் போடுவானுகள்."

"பத்தக்குட்டிட வீட்டுக்குப் போகாம நான் என்னெண்டு இரிக்கிற?"

கடற்கரையால் நடந்து போனார். பத்தக்குட்டியின் மனைவி முற்றத்தில் தலைவிரி கோலமாக இருந்தாள். எழுந்து வந்து அவர் முகத்தைப் பார்த்தாள், உடைந்த வாயைப் பார்த்தாள்.

"வெடி வைச்சவனையும் எனக்குத் தெரியா, சுட்டவனையும் எனக்குத் தெரியா," என்றாள். "உங்களத்தான் தெரியும். அந்த மதக ஏன் கட்டினீங்க?"

அவர் முற்றத்தில் மண்ணில் இருந்தார். பொழுது சாயும் நேரம் அவள் தேத்தண்ணி கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். குடித்துவிட்டு எழுந்து போனார்.

பிறகு கப்டன் கந்தோருக்கு வந்தார். உடைந்த மதகைத் திருத்த வேண்டாம், கல்லும் கொங்கிறீற்றும் போட்டு அடைத்து, தண்ணீர் போக ஒரு குழாய் மட்டும் விடவேண்டும் என்றார். ஆள் நுழைய முடியாத குழாய்.

"வெள்ளம் வந்தால் அந்தக் குழாயால் போகாது. பட்டிமேடு தாழும்," என்றார் ஸலாஹுதீன்.

"இந்த வருடம் வெள்ளம் வருமா?"

"தெரியாது."

"எப்போது வரும் என்று சொல்லமுடியுமா?"

"சொல்லமுடியாது."

"எனது ஆட்கள் அந்த வீதியால் தினமும் போகிறார்கள்," என்றார் கப்டன். "வீட்டுக்கு அனுப்பப் பெட்டிக்குள் வைக்க ஒன்றும் மிஞ்சாமல் போனவர்களை நான்தான் பொறுக்கினேன். தெரியாத வெள்ளத்துக்காக இன்னொரு தரம் பொறுக்கச் சொல்கிறீர்களா?"

கப்டன் சொன்னது கூட ஒரு கணக்குத்தான் என்று பக்கத்தில் நின்ற மீராமுகைதீனுக்கு விளங்கியது. அதனாலேயே தான் கட்டிய மதகைத் தானே நின்று அடைப்பித்தார்.

அந்த வருடமே மார்கழியில் வெள்ளம் வந்தது. மேற்கே குளங்கள் நிரம்பி வான்பாய்ந்து தண்ணீர் வயல்களை மூடிக்கொண்டு இறங்கியது. உயர்ந்த வீதியில் வந்து முட்டி நின்றது. வீதிக்குக் கிழக்கே வரப்புகள் தெரிந்தன. மேற்கே கடல் மாதிரித் தண்ணீர். அந்த ஒற்றைக் குழாயை ஆற்றுவாழை ஒரு பொழுதுக்குள் அடைத்துவிட்டது. தண்ணீர் பின்வாங்கிப் பட்டிமேட்டுக்குள் ஏறியது. சனங்கள் வீட்டுக் கூரைகளிலும் பள்ளிவாசல் மேல்தட்டிலும் ஏறிக் குழந்தைகளை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். களிமண் வீடுகள் ஒவ்வொன்றாகக் கரைந்து உட்கார்ந்தன. ஒரு குடும்பம் கூரையோடு போய்விட்டது.

பக்கீரும் சிலரும் வீதியை வெட்டித் தண்ணீரை இறக்கத் தோணியில் வந்து, இரும்பு அலவாங்கு, மண்வெட்டிகளோடு மேலே ஏறினார்கள். மறுபக்கத்திலிருந்து மீராமுகைதீன் ஓடிவந்தார். நடுப்பகல், மழை விட்டிருந்தது. மதகடியில் மண்மூட்டைக் காவலரணில் சிப்பாய்கள் துப்பாக்கியை நீட்டினார்கள். மீராமுகைதீன் கையெடுத்துக் கும்பிட்டார், வீதியைக் காட்டினார், ஊரைக் காட்டினார். ஒருவன் வயர்லெஸ்ஸில் காம்போடு பேசினான். இல்லையென்று தலையாட்டினான். வெட்டக்கூடாது.

"மச்சான், கேக்கிற நேரம் முடிஞ்சி," என்றான் பக்கீர்.

மீராமுகைதீன் அவனிடமிருந்து அலவாங்கைப் பறித்தார். மதகுச் சுவரும் மண்ணும் சேரும் இடம்தான் பலவீனமான இடம். அது அவருக்குத் தெரியும். ஓங்கிக் குத்தினார். மற்றவர்களும் வெட்டினார்கள். முதல் வெடி ஆகாயத்துக்குப் போனது. அவர் நிமிரவில்லை. அடுத்த வெடி பக்கீரின் கழுத்தில் பட்டது. அவன் மண்வெட்டியோடு முழங்காலில் விழுந்து, கையால் கழுத்தைப் பொத்தினான். விரல்களுக்கிடையால் இரத்தம் பீறிட்டது. வெட்டிய சாலுக்குள் சரிந்தான். அந்தச் சாலால்தான் தண்ணீர் முதலில் கசிந்தது. சிவப்பாகக் கசிந்தது. மீராமுகைதீன் இன்னும் இரண்டு குத்துக் குத்தினார். தொடையில் இரும்பு பாய்ந்த மாதிரி இருந்தது. கால் மடிந்தது.

பிறகு யாரும் எதுவும் செய்யவேண்டியிருக்கவில்லை. தண்ணீரே வெட்டியது. மண் கட்டிகட்டியாகப் பெயர்ந்தது. தார்ப்பாளம் உடைந்து தொங்கியது. காவலரண் ஒரு பக்கமாகச் சாய, உள்ளே நின்ற சிப்பாய் ஒருவன் "அம்மே!" என்று கத்தினான். மீசை அரும்பாத முகம். துப்பாக்கியை எறிந்துவிட்டுக் கையை நீட்டினான். மீராமுகைதீன் வயிற்றால் ஊர்ந்து போய்த் தன் கையை நீட்டினார். எட்டவில்லை. மண்மூட்டைகளோடு சேர்ந்து அவனும் உள்ளே போய்விட்டான்.

பொழுதுபட முன் பட்டிமேட்டில் தண்ணீர் வடியத் தொடங்கியது. மீராமுகைதீனைத் தோணியில் கிடத்திக் கல்முனை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எலும்பு சிதறியிருந்தது. காலை வெட்டாமல் விட்டார்கள். ஆனால் அது மடங்கவில்லை.

அரசாங்க வீதியை உடைத்ததற்கும் ஒரு சிப்பாயின் சாவுக்கும் யாரைப் பிடிப்பது என்று கப்டன் தேடினார். ஸலாஹுதீன், வெள்ளத்தின் அழுத்தம் தாங்காமல் வீதி தானாகவே உடைந்தது என்று எஞ்சினியர் என்ற முறையில் அறிக்கை எழுதிக் கையெழுத்து வைத்தார். அவரைக் காம்புக்குக் கூப்பிட்டு ஒரு பகல் முழுக்க வெயிலில் நிறுத்தினார்கள். சொன்னதை அவர் மாற்றவில்லை. அடுத்த ஆண்டு இந்திய-இலங்கை உடன்படிக்கை வந்து, அந்தக் காம்ப் எடுபட்டுப் போனது. விசாரணையும் அதோடு போனது.

1988இல் ஒருநாள் ஸலாஹுதீன் சாய்ந்தமருதுக்கு வந்தார். பட்டிமேட்டு வீதியைத் திருப்பிக் கட்டக் கட்டளை வந்திருந்தது. மறுபடியும் இருபது வருடக் கணக்குக் கேட்டிருந்தார்கள்.

றுகையா கதவடியிலேயே மறித்தாள். "இவருக்கு இன்னொரு கால் இரிக்கி எண்டா வந்தீங்க சேர்?"

"அவர உள்ள வரச் சொல்லு," என்றார் மீராமுகைதீன்.

ஸலாஹுதீன் விஷயத்தைச் சொன்னார். மீராமுகைதீன் நீட்டிய காலைத் தடவிக்கொண்டு கேட்டிருந்தார்.

"இருபது வருஷத்துக்கு நான் எழுதமாட்டன் சேர். மழை தெரியா எண்டு எழுதின. தார் விலை தெரியா எண்டு எழுதின. அந்த மதகுக்குக் கீழ மனிசன் என்ன செய்வான் எண்டு நான் எழுதல்ல. அதுக்கு நல்லபடி, கெட்டபடி எண்டு பிரிச்சுப் பார்க்கவும் எனக்குத் தெரியா."

"அப்ப என்ன செய்யிற?"

"அஞ்சு வருஷத்துக்கு எழுதுறன். உடைஞ்ச இடத்தில தாம்போதி. கீழ ஒண்டையும் ஒளிக்க ஏலாது, மேல தண்ணியும் தங்காது. அத்திவாரத்த மட்டும் பலமாப் போடுவம். நாடு சரியாகினா அதுக்கு மேலயே உயர்த்தலாம். சரியாகாட்டி உடைக்கிறதுக்கும் பெரிசா ஒண்டும் இரிக்காது. தார் வேணாம், கிறவல் போதும். மாரியில ஒரு தோணியும் ரெண்டு தோணிக்காரரும் கந்தோர்ச் சம்பளத்தில நிக்கோணும். அதையும் ரோட்டுச் செலவுக்குள்ள போடுங்க."

"தோணியையா? மேலிடத்தில சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

ஸலாஹுதீன் அவர் நீட்டியிருந்த காலைப் பார்த்தார். "தாம்போதிதான் தோக்குது எண்டு எனக்குக் காட்டித் தந்தவர் நீங்க. அதில போன தங்கச்சிய நினைச்சும்தான் கேக்கிறன்."

"ஓம் சேர்," என்றார் மீராமுகைதீன். "இப்பவும் அது மோசம்தான். மற்றது அதை விட மோசமாப் போயிட்டு."

அந்தக் கணக்கை ஸலாஹுதீன் கொண்டுபோய் மேலிடத்தோடு சண்டை பிடித்தார். தோணிக்கு ஒப்புக்கொள்ளவே மாதக்கணக்கில் இழுபட்டது. வேலை தொடங்கிய நாளில் பட்டிமேட்டு ஆட்கள் மீராமுகைதீனைச் சூழ்ந்துகொண்டார்கள். திரும்பவும் தாம்போதியா, எங்களை வெள்ளத்துக்கு விற்றுப் போட்டீங்களா என்று கேட்டார்கள். பக்கீரின் தம்பி அவருடைய சட்டையைப் பிடித்துவிட்டான். அவர் கையைத் தட்டிவிடவில்லை.

"கேளு," என்றார். "இதில நான் சரி எண்டு சொல்ல வரல்ல. மாரியில வந்து பாரு. பிழைச்சா அடுத்த வருஷம் மாத்துவம்."

அவன் சட்டையை விட்டான். சமாதானமாகிப் போகவில்லை. விட்டான், அவ்வளவுதான்.

கிறவல் லொறிகள் வந்து கொட்டத் தொடங்கின. புதிய றோலர்க்காரன் எஞ்சினை இயக்கியதும் மீராமுகைதீனின் தோள்கள் ஒருமுறை துள்ளின. ஊன்றுதடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, விறைத்த காலை இழுத்து இழுத்து, அவனுக்கு முன்னால் நடந்து போய், அழுத்துவதற்குக் கிறவலில் எங்கே ஈரம் போதாது என்று காட்டினார்.